பத்துத் துளைகள்

போன வாரம் பட்டறைச் சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து வந்தாளே, அந்த மருமகளுக்கு இன்று சாயங்காலம் நாலு மணிக்குப் பரீட்சை.

எட்டு வருஷம் பார்த்த வேலையை யாராவது இப்படி விடுவார்களா என்று மனம் பொறுக்காமல் கடிதம் எழுதியவர்களுக்கு ஒரு வார்த்தை. அவள் கோபத்தில் விடவில்லை, அளந்து பார்த்துத்தான் விட்டாள். எதையும் அளக்காமல் செய்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வீட்டில் அவளுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயரே 'இஞ்ச் டேப்'. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே, சமையலறை ஜன்னல் ஒரு பக்கம் கால் அங்குலம் இறங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்தவள். இருபது வருஷமாக அந்த ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மாமியார் அன்றைக்கே மருமகள் கட்சியில் சேர்ந்துவிட்டார். இன்றுவரை கட்சி மாறவில்லை.

பட்டறை என்றால் அலுமினியக் கதவும் ஜன்னலும் செய்கிற பட்டறை. அளவெடுப்பதும் அறுப்பதும் பூட்டுவதும் இவள். எல்லாம் முடிந்தபிறகு சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, "எப்படி இருக்கு என் வேலை" என்று வாடிக்கையாளரிடம் கேட்பது முதலாளி. அதை எட்டு வருஷம் பொறுத்தாள். ஒன்பதாவது வருஷம் பொறுக்க முடியவில்லை.

அவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், வீட்டின் பின்பக்கம் போய்ப் பார்க்கவேண்டும். கடலைப் பார்த்தபடி அங்கே பதினாறு அடி நீளத்துக்கு ஒரு சிமென்ட் மேடை. போன மழைக்காலம் வரை அது திறந்துதான் கிடந்தது. கொசு கடித்து மாமியார் இருபது நாள் காய்ச்சலில் படுத்தெழுந்த பிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்கே பின்கதவைச் சாத்திவிடுவது என்று ஆனது. கடலை ஒட்டி வீடு, ஆனால் கடலைப் பார்க்க வழியில்லை.

"மேடையைச் சுத்திச் சட்டம் அடிச்சு, வலை போட்டு, ஒரு ரூமாவே ஆக்கிடலாம் அத்தை. காத்து வரும், கடல் தெரியும், கொசு மட்டும் வராது," என்றாள் மருமகள். மூன்று மாதம், கிடைத்த விடுமுறை நாள் எல்லாம் அதற்கே போனது. இப்போது நிற்கிறது வலையறை. முன்பக்கம் ஐந்து வெள்ளைச் சட்டம், பக்கத்துக்கு இரண்டு, தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு. வலையில் ஒரு சுருக்கம் கிடையாது.

கடற்கரையில் பன்னிரண்டு அறை வைத்து விடுதி நடத்துகிற அம்மாள் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, இன்று பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் அந்தப் பன்னிரண்டு அறைத் தாழ்வாரத்துக்கும் வலை போடும் வேலை இவளுக்கு. பிடிக்காவிட்டால் அது பழைய பட்டறைக்குப் போகும். அப்புறம் இவளும் அந்த மேசைமேல் வைத்த சாவியைத் தேடிப் போகவேண்டியதுதான்.

காலைச் சாப்பாட்டில் எல்லோரும் இதை நேராகத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பேசினார்கள்.

"காலையில கண்ணு முழிச்சா, மூலையில யாரோ முக்காடு போட்டு உக்காந்திருக்காங்க," என்றான் கணவன். "அப்புறம்தான் அது உன் மெஷின்னு ஞாபகம் வந்துச்சு. ஒரு ரூம்ல நாம மூணு பேரு இருக்கோம்."

அலுமினியம் அறுக்கும் மெஷினைத்தான் சொன்னான். வேலையை விட்ட மறுநாளே பழைய மெஷின் ஒன்றை வாங்கிவிட்டாள். வைக்க இடமில்லாமல் அது படுக்கையறை மூலையில் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கிறது.

"இன்னிக்கு அந்த அம்மா சரின்னு சொல்லட்டும். இடம் பார்த்துடுவேன்."

"சொல்லாம என்ன. இந்த ஊர்லயே என் தொழிலுக்குப் போட்டியா இருந்தவங்களை எல்லாம் வெளிய நிறுத்தினவ நீ."

அவன் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவன். வலையறை வேலை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த ஒரு ஜோக்கை வைத்துக் காலம் தள்ளுகிறான். மாமியார் மட்டும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார். பெற்றவள் ஆயிற்றே.

சிரிப்பு கிடைத்த தெம்பில் அவன் வாயைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டான். "இடத்துக்கு ஏன் அலையணும்? படகுத்துறையில அந்தப் பழைய கொட்டகை சும்மாதானே கிடக்கு. கரண்ட் இருக்கு, நீளமா மேசை இருக்கு. சாவி மேற்பார்வையாளர்கிட்டதான். அப்பா போய் ஒரு வார்த்தை கேட்டா..."

மாமனாரின் கை தட்டில் அப்படியே நின்றது.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இந்த மனிதரைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். முப்பத்திரண்டு வருஷம் பயணிகள் படகின் சுக்கானைப் பிடித்தவர். ஊரில் அவர் பெயரே 'சுக்கான்'. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர். ஓய்வு பெறுவதற்கு ஆறு மாதம் இருக்கும்போது, ஒரு நாள் படகைத் துறையில் கொண்டுபோய் இடித்துவிட்டார். ஆளுக்குச் சேதமில்லை. துறையின் தூண் ஒன்று முறிந்தது. "படகு நேராத்தான் வந்துச்சு. துறையைத்தான் கோணலா கட்டியிருக்கான்," என்றார். முப்பத்திரண்டு வருஷமாக அதே துறைதான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டக்கூடாது.

துறை மேற்பார்வையாளர் அவருடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சிநேகிதர். அவர் நடந்ததை நடந்தபடி அறிக்கையில் எழுதினார். 'கவனக்குறைவு' என்று ஒரே ஒரு சொல். அன்றோடு பேச்சு நின்றது. மூன்று வருஷமாக, அவர் எதிரே வந்தால் இவர் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

"அவன்கிட்ட நான் போய்க் கேக்கணுமா," என்றார் மாமனார். "அவன் வந்து கேக்கட்டும். நான் மன்னிக்கிறேன்."

"அவரு எதுக்குப்பா மன்னிப்புக் கேக்கணும், இடிச்சது..."

மாமியார் மகனின் தட்டில் இன்னொரு கரண்டி போட்டார். அந்த வீட்டில் பேச்சை நிறுத்த அதுதான் வழி.

ஒன்பது மணிக்கு மருமகள் கடைக்குக் கிளம்பினாள். கதவுச் சட்டத்தில் நாலு திருகில் லேசாகப் பழுப்பு தெரிந்தது. துருப்பிடிக்காத திருகு என்று சொல்லி, வாங்கப் போன கணவனிடம் கடைக்காரர் கலந்து கொடுத்திருக்கிறார். கடல் காற்றில் சாதாரண இரும்பு ஒரு மழைக்குத் தாங்காது. அவள் கைப்பையில் சின்னதாக ஒரு காந்தம் வைத்திருப்பாள். திருகு காந்தத்தில் ஒட்டினால் கடைக்காரர் முன்னாலேயே திருப்பி வைத்துவிடுவாள். அவளைத் தூரத்தில் பார்த்தாலே கடைக்காரர் பெருமூச்சு விடுவார்.

அவள் போனபிறகு மாமனார் வலையறைக்குள் வந்தார்.

"வலைக்குள்ள உக்கார நான் என்ன மீனா," என்று ஆரம்பத்தில் கேட்டவர் அவர்தான். முதல் சட்டம் நின்ற அன்று அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மூன்றாவது சட்டம் நின்ற அன்று, "நேராத்தான் இருக்கு," என்றார். வலை இழுத்துக் கட்டிய அன்று டீக்கடையில் போய் உட்கார்ந்து, "என் வீட்டுப் பின்பக்கம் வந்து பாருங்க, அப்புறம் பேசுங்க," என்று பழைய படகுக்காரர்களிடம் பெருமையடித்தார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இது அடுத்த வீட்டிலிருந்து வந்த குஞ்சு, ஆனாலும் அவருக்குப் பொன்னாகிவிட்டது. இதை மருமகளிடம் மட்டும் சொல்லவில்லை. அதெல்லாம் சொல்கிற ஜாதி இல்லை அவர்.

ஒவ்வொரு சட்டமாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். இணைப்பில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. மனதுக்குள் ஒரு கர்வம் எழுந்தது. குனிந்து கீழ்ச்சட்டத்தைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தரையை ஒட்டிய சட்டத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு துளை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. எண்ணினார். ஐந்து சட்டத்திலும் சேர்த்துப் பத்துத் துளை.

"பாவம், அவசரத்துல விட்டுட்டா," என்றார் தனக்குத்தானே.

முப்பத்திரண்டு வருஷம் தண்ணீருக்குமேல் வாழ்ந்த மனிதர். ஒரு ஓட்டையைப் பார்த்துவிட்டு அடைக்காமல் தூங்கினது கிடையாது. அவர் பார்த்த உலகத்தில் ஓட்டை என்றால் அது தண்ணீர் உள்ளே வருவதற்கு. அது வெளியே போவதற்கும் ஓர் ஓட்டை வேண்டியிருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. இன்றைக்குப் பார்த்து விடுதிக்காரம்மா வருகிறாரே, இந்தப் பெண்ணின் மானம் என்ன ஆவது என்று மட்டும் யோசித்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து பழைய தகர டப்பா வெளியே வந்தது. படகுக்கு அடைக்கிற வெள்ளைப் பசை. ஒவ்வொரு துளையிலும் கட்டைவிரலால் அழுத்தி, சட்டத்தோடு சமமாக வழித்து, ஈரத்துணியால் துடைத்தார். சட்டமும் வெள்ளை, பசையும் வெள்ளை. சொன்னால் ஒழியக் கண்டுபிடிக்க முடியாது.

"என்னங்க பண்றீங்க தரையில உக்காந்து?" என்று சமையலறையிலிருந்து மாமியார் கேட்டார்.

"சும்மா தூசி தட்டுறேன். உன் வேலையைப் பாரு."

யாரிடமும் சொல்லக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார். அவள் வேலையில் குறை இருந்தது என்று அவளுக்கே தெரியவேண்டாம். அவர் செய்த நல்ல காரியங்களில் இதுதான் மிக நல்லது என்று அன்று சாயங்காலம் வரை நம்பிக்கொண்டிருந்தார்.

மருமகள் வந்து திருகை மாற்றினாள், சட்டத்தைத் துடைத்தாள், மாமியாருக்காகக் கடல் பார்க்கிற மூலையில் நாற்காலியைப் போட்டாள். நேற்றே குவளைத் தண்ணீர் ஊற்றித் துளைகளைச் சோதித்திருந்தாள். அதனால் இன்று குனிந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் இரண்டு தடவை அளக்கிறவள், இதை ஒரு தடவை சோதித்ததோடு விட்டுவிட்டாள்.

விடுதிக்காரம்மா நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். ஐம்பது வயசு இருக்கும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேராக வலையறைக்குள் வந்தார். மாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாமனார் தற்செயலாக அங்கே நிற்கிறவர் மாதிரி கதவோரம் நின்றுகொண்டார்.

வந்தவர் உள்ளங்கையால் வலையை அழுத்தினார். அது கையைத் திருப்பித் தள்ளியது. கதவை முழுக்கத் திறந்து விட்டார். சத்தமில்லாமல் வந்து சாத்திக்கொண்டது. மறுபடி திறந்து விட்டார்.

"வலை கிழிஞ்சா?"

"சட்டத்தை முழுக்கக் கழட்ட வேண்டாங்க. இந்தப் பள்ளத்துல ஒரு ரப்பர் கயிறு இருக்கு பாருங்க. அதை உருவினா வலை வந்துடும். புதுசு வெச்சு அதே கயிறை அழுத்தினாப் போதும். அரை மணி நேர வேலை."

"துரு?"

மருமகள் பையிலிருந்து காந்தத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். விடுதிக்காரம்மா பதினைந்து திருகில் வைத்துப் பார்த்தார், ஒன்றும் ஒட்டவில்லை. பதினாறாவதுக்குப் போகும்போது அவர் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

"யாரு கட்டினது இதெல்லாம்? கூட எத்தனை ஆளு?"

"என் மருமக," என்றார் மாமியார், கேள்வி அவரைப் பார்த்துக் கேட்கப்படாவிட்டாலும். "தனி ஆளா கட்டினா. மேல ஏறும்போது ஏணியைப் பிடிச்சது மட்டும் நான்."

மாமனார் தொண்டையைச் செருமினார். அவ்வளவு பெருமை அவருக்கு. செருமாவிட்டால் வேறு ஏதாவது வெளியே வந்திருக்கும்.

"சரி, கடைசியா ஒண்ணு," என்றார் விடுதிக்காரம்மா. "கடல் பக்கத்து மழை நேரா விழாது, பக்கவாட்டுல அடிக்கும். வலையில தண்ணி நிக்குமா, உள்ளதான் வரும். வந்தது எங்க போகும்? இதுக்கு முன்னாடி ஒருத்தர் என் ரெண்டு ரூமுக்கு வலை போட்டுக் கொடுத்தாரு. முதல் மழைக்கே தாழ்வாரம் தொட்டி ஆயிடுச்சு. தங்கியிருந்தவங்க பெட்டி எல்லாம் நனைஞ்சு போச்சு."

இந்தக் கேள்விக்காகத்தான் மருமகள் காத்திருந்தாள். அவள் கண் பளிச்சென்று மின்னியது. "தரைக்குக் கடல் பக்கமா அரை அங்குலம் சரிவு கொடுத்திருக்கேங்க. கீழ்ச்சட்டத்துல பத்துத் துளை. துளைக்கு வெளிப்பக்கம் சின்னதா வலைத்துண்டு வெச்சிருக்கேன், அது வழியா பூச்சி வராது. நான் சொல்லி நீங்க கேக்க வேண்டாம். நீங்களே ஒரு வாளி ஊத்திப் பாருங்க."

வாளி வந்தது. கதவோரத்தில் மாமனாரின் முகம் மாறியதை யாரும் கவனிக்கவில்லை.

"இரும்மா," என்றார். குரல் எழும்பவில்லை.

விடுதிக்காரம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் சரிவில் சொன்னபடி ஓடியது. சட்டத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. நின்று, திரும்பி, மெதுவாக நாற்காலிக் காலைச் சுற்றி வந்தது. மாமியார் காலைத் தூக்கிக்கொண்டார்.

ஒரு சொட்டுகூட வெளியே போகவில்லை.

"என் தாழ்வாரத்துலயும் இப்படித்தான் நின்னுச்சு," என்றார் விடுதிக்காரம்மா. கோபம் இல்லை அந்தக் குரலில். அலுப்பு இருந்தது. கோபத்தைச் சமாளித்துவிடலாம், அலுப்பைச் சமாளிப்பது கஷ்டம்.

மருமகள் தண்ணீரிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தாள். விரலால் துளையைத் தடவினாள். துளை இல்லை. வழவழவென்று இருந்தது. நகத்தால் கீறினாள், வெள்ளையாகப் பசை வந்தது. பத்தும் ஒரே மாதிரி, கட்டைவிரலால் அழுத்தி, சட்டத்தோடு சமமாக வழிக்கப்பட்டிருந்தது. அந்த வீட்டில் அப்படி அடைக்கத் தெரிந்த கட்டைவிரல் ஒன்றே ஒன்றுதான்.

அவளுக்கு எல்லாம் புரிந்தது. மூன்று மாத உழைப்பு, எட்டு வருஷத்துக் காத்திருப்பு, எல்லாம் காலடியில் தேங்கி நிற்கிறது. அழுகை வந்தது, விழுங்கிக்கொண்டாள். தலை நிமிர்ந்தபோது கதவோரத்தில் மாமனாரைப் பார்த்தாள். அந்த நெடிய மனிதர் சின்னதாகிவிட்டதுபோல் நின்றுகொண்டிருந்தார். ஊரே கூடித் திட்டியபோதும் குனியாத தலை அது. ஓர் அந்நிய மனுஷியின் முன்னால் அதைக் குனியவைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என் தப்புங்க," என்றாள். "துளை அடைச்சிருக்கு. நான் இன்னொரு தடவை பார்த்திருக்கணும். பார்க்கல."

விடுதிக்காரம்மா தலையை ஆட்டிவிட்டு வாளியைக் கீழே வைத்தார். போவதற்குத் திரும்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். மாமனாருக்கு வழி சுத்தமாகத் திறந்திருந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. மீசையில் ஒட்டிய மண்ணை மருமகளே தட்டிவிட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் துறையில் இப்படி ஒரு வழி கிடைத்திருந்தால் ஓடிப் போயிருப்பார்.

"அம்மா, கொஞ்சம் நில்லுங்க."

விடுதிக்காரம்மா நின்றார்.

"அவ தப்பு இல்ல. நான் அடைச்சது."

மாமியாரின் வாய் லேசாகத் திறந்தது. அது மூட ரொம்ப நேரம் ஆனது.

"நான் படகுக்காரன்," என்றார் மாமனார். ஒவ்வொரு சொல்லும் பாரம் தூக்குவதுபோல் வந்தது. "முப்பத்திரண்டு வருஷம். ஓட்டையைக் கண்டா என் கை சும்மா இருக்காது. இன்னிக்குக் காலையில இவ கடைக்குப் போன நேரத்துல, அவசரத்துல விட்டுட்டா போலன்னு நினைச்சு நான்தான் பத்தையும் அடைச்சேன். இவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பா. இவ வெச்சது சரி. நான் பண்ணது தப்பு."

விடுதிக்காரம்மா இரண்டடி திரும்பி வந்தார்.

"மாமா, நீங்க எதுக்கு..." என்று மருமகள் எழுந்தாள்.

"நீ சும்மா இரு. என் பசை டப்பாவுல கொக்கி ஊசி இருக்கும், அதை எடு."

அவருக்கு முட்டிவலி. ஆறு மாதமாகத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. இன்று ஒரே நாளில் இரண்டாம் தடவையாக உட்கார்ந்தார், அதுவும் தண்ணீரில், வேட்டி நனைய. முதல் துளையில் கொக்கியை விட்டு இழுத்தார். பாதி காய்ந்த பசை முழுசாகக் கையோடு வந்தது. தண்ணீர் ஒரு கணம் யோசித்ததுபோல் சுழன்றது. பிறகு போய்விட்டது. வெளியே மணலில் அது விழும் சத்தம் கேட்டது.

இரண்டாவதை எடுத்தார். மூன்றாவதை மருமகள் எடுத்தாள். மாமனார் அந்த முனையிலிருந்தும் மருமகள் இந்த முனையிலிருந்தும் வந்து, நடுச்சட்டத்தில் சந்தித்தார்கள். பத்துத் துளையிலும் தண்ணீர் ஒன்றுபோல் வெளியே பாய்ந்தது. இரண்டு நிமிஷத்தில் தரையில் ஈரம் மட்டும் மிஞ்சியது.

விடுதிக்காரம்மா தானே போய் இன்னொரு வாளி பிடித்துக்கொண்டு வந்தார். ஊற்றினார். போனது. மூன்றாவது வாளியும் ஊற்றினார். அது சோதனைக்காக இல்லை. பார்க்க நன்றாக இருந்தது, அதனால் ஊற்றினார்.

"ஐயா," என்றார் மாமனாரைப் பார்த்து, "ஒண்ணு சொல்லட்டுமா. ஒரு வாளித் தண்ணி நின்னுச்சே, ஒரு சொட்டுகூடக் கசியல. அடைச்சாலும் இப்படி அடைக்கணும்."

மாமனார் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்துக்கொண்டார். வெட்கப்பட்டார் என்று நான் எழுதினால் அவர் ஒத்துக்கொள்ளமாட்டார்.

"திங்கட்கிழமை வாம்மா," என்றார் விடுதிக்காரம்மா மருமகளிடம். "பன்னிரண்டும் நீயே பண்ணு. தப்பு நடந்தா ஆளுக்கு ஆள் கை காட்டுறதைத்தான் நான் இத்தனை வருஷம் பார்த்திருக்கேன். இங்க ரெண்டு பேரு என் தப்பு, என் தப்புன்னு சண்டை போடறீங்க. ஆனா ஒண்ணு, அறுக்கிற வேலை என் விடுதியில வேண்டாம். தங்கறவங்க தூங்கணும். வேற இடத்துல அறுத்துக் கொண்டு வந்து பூட்டு. இடம் இருக்கில்ல?"

மருமகள் ஒரு நொடி தயங்கினாள். படுக்கையறை மூலையில் போர்வை போர்த்தி நிற்கும் மெஷின் அவள் கண்முன் வந்தது.

"இருக்கு," என்றார் மாமனார், தரையிலிருந்தபடியே.

வந்தவர் போனபிறகு மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொன்னாள். அந்தப் பக்கம் கணவன், "அப்பாவா சொன்னாரு? தப்புன்னு? எங்க அப்பாவா?" என்று மூன்று தடவை கேட்டான். பன்னிரண்டு அறையைப் பற்றி நாலாவதாகத்தான் கேட்டான்.

மாமியார் கணவருக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டார். எழுந்தபிறகும் கையை விடவில்லை.

"கல்யாணம் ஆகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு," என்றார். "இன்னிக்குத்தாங்க நீங்க ரொம்ப அழகா இருந்தீங்க."

"வேட்டி நனைஞ்சு போச்சு. வேற எடுத்துக் கொடு."

வேறு வேட்டி கட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தபோது மணி ஐந்தரை. கொசு எழும்பும் நேரம். மருமகள் வலையறையில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க மாமா கிளம்பிட்டீங்க?"

"அந்தம்மாகிட்ட இடம் இருக்குன்னு சொல்லிட்டேன்ல." கதவின் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. உன் வேலை போயிருக்கும்."

"உங்க முகத்தைப் பார்த்தேன் மாமா. வேற எதுவும் தோணல."

அவர் பக்கத்துச் சட்டத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். "நல்லா கட்டியிருக்கே," என்றார். டீக்கடையில் ஊருக்கே சொன்னதை அவளிடம் அன்றைக்குத்தான் சொன்னார். அவள் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"துறை வரைக்கும் போயிட்டு வர்றேன். கொட்டகை கேக்கணும். அதுக்கு முன்னாடி அவன்கிட்ட வேற ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. இன்னிக்கு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாச்சு. ஆளைக் கொல்லல."

கதவு அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

மாமியார் நாற்காலியில் உட்கார்ந்தார். காய்ச்சலுக்குப் பிறகு இந்த நேரத்தில் அவர் கடலைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. வலைக்கு அந்தப் பக்கம் கொசுக்கள் வந்து முட்டிக்கொண்டிருந்தன. மருமகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். மணலில் அந்த நெடிய உருவம் முட்டியைத் தேய்த்துத் தேய்த்து நடந்துபோவது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"அவரு வர்ற படகை இங்க இருந்து எத்தனை நாள் பார்த்திருப்பேன்," என்றார் மாமியார். "இப்படி நடந்து போறதை இப்பத்தான் பார்க்கறேன்."

துறைக்குப் போனவர் அங்கே புதிதாக நட்ட தூணுக்கு முன்னால் நின்றார். அதில் கையை வைத்தார். அவ்வளவு நேரம் அங்கேயே நின்றதில், திரும்பிவிடுவாரோ என்று மருமகளுக்குப் பயமாக இருந்தது. திரும்பவில்லை. மேற்பார்வையாளரின் அறைக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. வாசலில் வந்து நின்றவர் வழி விடவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. அங்கே யார் என்ன சொன்னார்கள் என்று இங்கே கேட்காது.

"இஞ்ச் டேப்," என்றார் மாமியார், கண்ணை அங்கிருந்து எடுக்காமல். "இங்கருந்து அந்தக் கதவு எவ்வளவு தூரம் இருக்கும்?"

மருமகள் கண்ணாலேயே அளந்தாள். "எழுநூறு அடி இருக்கும் அத்தை."

"அவருக்கு மூணு வருஷம் ஆயிருக்கு," என்றார் மாமியார்.